கடலுக்கு முதுகைக் காட்டி

2025 பெப்ரவரி 28, வெள்ளிக்கிழமை. ஷஃபான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள். சுபஹ் தொழுதுவிட்டு வந்து ஒரு பிளேன்டீ குடித்தேன். சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். களப்பு என்னும் உப்பங்கழியின் நீர் வரும் மதகைத் திறந்துவைத்தேன். கடைசிப் பாத்திகளின் நீர் எவ்வளவு உப்பேறியிருக்கிறது என்று மானியால் அளந்து பார்த்தேன். உப்புக் கட்ட இன்னும் சில நாள் நல்ல வெயில் வேண்டியிருந்தது. வெள்ளி என்பதால் ஆட்களை நேரத்தோடு அனுப்பிவிட்டு வீடு திரும்பி, நகம் வெட்டி, குளித்து, ஜும்ஆவுக்குப் போனேன். பகலுக்குச் சோறும் பாரை மீன் ஆணமும் முருங்கைக் கீரையும். சாப்பிட்டபின் சற்றுச் சாய்ந்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு மேற்குக் கடற்கரைக்குப் போக வேண்டும். நோன்புப் பிறை பார்க்கும் நாள் அது: கண்டால் மறுநாள் நோன்பு, காணாவிட்டால் ஷஃபானுக்கு இன்னும் ஒரு நாள்.

ஒவ்வொரு ஷஃபான் இருபத்தொன்பதும் எனக்கு ஏறக்குறைய இப்படித்தான் போகும். அந்த வருடம் ஒன்று மட்டும் வேறாக இருந்தது. மருமகள் காலையிலிருந்தே அலுமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே போட்டிருக்கும் தன் மேசையைவிட்டு எழுந்திருக்கவில்லை. பகல் சோற்றை நின்றபடி நாலு வாய் தின்றுவிட்டு மறுபடியும் கதிரையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

என் மகன் கட்டாரில் வேலை செய்கிறான். அவனுடைய மனைவி எங்களோடு இருக்கிறாள். அவளுடைய குடும்பம் தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்து வந்தது. அவள் பிறந்தது புத்தளத்துக்குப் பக்கத்தில், ஓலைக் கொட்டில்கள் நெருக்கமாக இருந்த ஒரு குடியிருப்பில். அங்கிருந்து பௌதிகவியல் படித்து, இப்போது ஐரோப்பாவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். வருடத்தில் பாதி அங்கே, பாதி எங்கள் வீட்டில். அவளுடைய தொலைநோக்கி எப்படியும் இரண்டு இடத்திலும் இல்லை. அது பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கலியாணம் முடிந்து வந்த முதல் மாதத்தில், என்ன வேலை செய்கிறாள் என்று என் மனைவி கேட்டாள். மருமகள் பொறுமையாகச் சொன்னாள். எங்கேயோ வெகு தூரத்தில் உள்ள விண்மீன் மண்டலங்கள். அவற்றின் நடுவில் மிகப் பெரிய கருந்துளைகள். அவற்றுள் சில, தம்மை நோக்கி விழும் பொருளில் ஒரு பங்கைக் குழாய்போல் வெளியே பீய்ச்சுகின்றன. அந்தக் குழாய் தற்செயலாக நம்மைப் பார்த்து நீண்டிருந்தால், அதிலிருந்து வரும் காமாக் கதிர்கள் நம் பக்கம் வரும். சில நாட்களில் அது திடீரென்று பல மடங்கு கூடிப் பிறகு அடங்கிவிடும். காமாக் கதிரைக் காற்று மண்டலம் கீழே விடாது என்பதால் தொலைநோக்கியை மேலே வைத்திருக்கிறார்கள். கதிர்கள் அதில் ஒவ்வொன்றாகத்தான் வந்து விழும். எந்த நேரம், எந்தத் திசை, எவ்வளவு வலு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. அந்தக் குறிப்புகளை யாரும் எடுத்துப் பார்க்கலாம். சில மணித்தியாலத்தில் பொதுவில் வந்துவிடும்.

அந்தத் திடீர்ப் பெருக்கத்தை அவள் ஃப்ளேர் என்பாள். எங்கள் வீட்டில் அது பொங்குவதாகிவிட்டது. "இண்டைக்கு ஏதும் பொங்கினதா மகள்?" என்று மனைவி கேட்பாள், அடுப்பிலே பால் இருப்பதைப்போல. பெரும்பாலும் "இல்ல மாமி" என்றுதான் பதில் வரும்.

நான் அவளிடம் வியந்தது அந்த "இல்ல மாமி"யைத்தான். நாள் முழுக்க வேலை செய்து ஒன்றும் இல்லை என்று சொல்வாள். அதில் சலிப்பு இருக்காது. அந்தப் பெப்ரவரியின் தொடக்கத்தில், அவள் பார்த்துவந்த ஒரு மண்டலத்துக்கு அருகால் சூரியன் கடந்துபோனது. சூரியனிலிருந்தும் காமாக் கதிர் வருமாம். அந்த நாட்களின் குறிப்புகளையெல்லாம் அப்படியே தள்ளிவிட்டாள். "நல்லதும் கெட்டதும் கலந்திட்டு மாமா. பிரிக்க ஏலாது," என்றாள். எங்கள் உப்பளத்திலும் சேறு கலந்த உப்பு வரிசையை ஒதுக்கிக் கொட்டுவோம். ஆனால் நாங்கள் அதைக் கொட்டும்போது கொஞ்சமாவது முணுமுணுப்போம். அவள் முணுமுணுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள், அவளுடைய வரைபடத்தில் ஒரு மேடு தெரிந்தது. ஜனவரியில்தான் புதிதாகச் சேர்த்துக்கொண்ட, சூரியன் அருகால் போன அதே மண்டலம் அது. வழக்கத்தில் மெல்லிய கோடாக ஓடுவது, புதன்கிழமை ஏறக்குறைய அரை நாள் உயர்ந்து நின்று இறங்கியிருந்தது. அரை நாள் என்பதுதான் விசேஷம் என்றாள். அவ்வளவு சீக்கிரம் ஏறி இறங்குவதென்றால், கதிர் வரும் இடம் மிகச் சின்னதாக, கருந்துளைக்கு மிக நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு முழு விண்மீன் மண்டலத்துக்குள் நம் சூரியக் குடும்பம் அளவேயான இடம்.

பொங்கிய இடம் மறுபடியும் பொங்கலாம். அதனால் எக்ஸ் கதிரில் பார்க்கும் இன்னொரு விண்தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்கலாம். கூடவே உலகத்திலுள்ள இதே துறைக்காரர் எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவளுடைய பேராசிரியை, தீர்மானத்தை அவளிடமே விட்டுவிட்டார். நம்பிக்கை இருந்தால் உங்கள் ஊரில் இருட்டுவதற்குள் அனுப்பு, அதற்குப் பிறகு நாளைய திட்டத்தை முடித்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தார். அதே குறிப்புகளை வேறு நாடுகளிலும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதை அவர் எழுதவில்லை. மருமகள் எனக்குச் சொன்னாள். அவளுடைய பெயரில் போகும் முதல் அறிவிப்பு அது. எழுதி முடித்துவிட்டாள். பக்கத்திலுள்ள வேறொன்றின் கதிர் வந்து கலந்திருக்குமோ என்று ஒரு கடைசிச் சோதனையைப் பல்கலைக்கழகத்துக் கணினிக்குக் கொடுத்திருந்தாள். விடை கைபேசிக்கு வரும். வந்ததும் அனுப்பிவிடுவாள்.

அஸர் தொழுதுவிட்டு வந்தபோது மனைவி அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"மகள், எழும்புங்க. பிறை பாக்கப் போற நாள்ல ஊட்டுக்குள்ள அடைஞ்சி ஈக்கப் படாது."

"விடை வரணும் மாமி."

"அது ஃபோனுக்குத்தானே வாற. ஃபோன் கடக்கரைக்கு வராதா? எத்தின கோடி வருசம் வந்த வெளிச்சம் எண்டு சொன்னீங்க? நாலு கோடியா?"

"நானூறு கோடி மாமி."

"அப்ப இன்னும் ஒரு மணித்தியாலம் நல்லா நிக்கும். முகத்தக் கழுவிட்டு வாங்க."

மூவருமாக நடந்து போனோம். வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மணல் ஒழுங்கை. அதன் முடிவில் கடல். ஏற்கெனவே ஊர்ச்சனம் பாதி வந்திருந்தது. ஆண்கள் தண்ணீர் ஓரத்தில். பெண்கள் இழுத்துவைத்த படகுகளுக்குப் பக்கத்தில், எங்களுக்குச் சற்றுப் பின்னால். அடிவானத்தில் ஒரு மேகப் பட்டி. அதற்கு மேலே துப்புரவாக இருந்தது.

பிறை விஷயத்தில் எங்கள் பள்ளிவாசலில் மூன்று பேருக்குப் பொறுப்பு: பள்ளித் தலைவர், மௌலவி, நான். யாராவது கண்டதாகச் சொன்னால் விசாரிப்போம். நம்பும்படி இருந்தால் கொழும்புக்குத் தொலைபேசியில் சொல்வோம். முடிவு அங்கேதான் ஆகும். ஆனால் எங்கள் வாயிலிருந்து போகும் சொல்லில் நாடு முழுக்க நோன்பு பிடிக்கவும் கூடும் என்பதால், எளிதில் தொலைபேசியைக் கையில் எடுக்க மாட்டோம்.

சூரியன் மேகப் பட்டிக்குள் இறங்கியது. சற்று நேரத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவர் கையை உயர்த்திச் சத்தம் போட்டார்.

"கண்டிட்டன்! அந்தா! அல்லாஹு அக்பர், கண்டிட்டன்!"

எல்லோரும் அவர் காட்டிய பக்கம் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"எங்க நானா?" என்று பள்ளித் தலைவர் கேட்டார். வயதில் மூத்தவரை எங்கள் ஊரில் நானா என்போம்.

"மேகத்துக்கு மேல. இப்ப மறைஞ்சிட்டு. இந்தா இந்த இடம். இல்ல, இன்னும் கொஞ்சம் இங்கால…"

"சரி. கடலுக்கு முதுகக் காட்டி நில்லுங்க."

இது எங்கள் ஊர் வழக்கம். கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை கண்டவர் தேடிக்கொண்டே இருப்பார்; தேடத் தேட, கண்டது மாறிக்கொண்டே போகும். முதுகைக் காட்டிவிட்டால் ஏற்கெனவே கண்டது மட்டும்தான் கையில் மிஞ்சும். அதை மணலில் விரலால் வரையச் சொல்வோம். வரைந்து முடியும்வரை பக்கத்தில் நிற்பவர்கள் வாய் திறக்கக் கூடாது.

அவர் குந்தியிருந்து மணலைத் தடவிச் சமப்படுத்திக் கவனமாக வரைந்தார். முதலில் கடல்மட்டத்துக்கு ஒரு கோடு. அதற்கு மேலே ஒரு வளைவு. வளைவின் இரண்டு முனைகளும் கீழே பார்த்தபடி இருந்தன.

மௌலவி குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பிறையின் ஒளிப்பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்தே இருக்கும். முனைகள் அதற்கு எதிர்ப்பக்கம் போகும். சூரியன் கீழே போன மாலையில் முனை கீழே பார்க்க வழியில்லை.

"நானா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல், "இது பிறையா, கொடையா?"

"மழ பெய்யப் போகுது போல. மேலால கொட விரிச்சீக்கி."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. எஞ்சின்காரர் எழுந்து கையைத் தட்டினார். முகம் சிவந்திருந்தது.

"நான் பொய் சொல்லல்ல. வெள்ளையா வளைஞ்சி ஒண்டு நிண்டது. இந்தக் கண்ணால கண்ட."

"நீங்க பொய் சொன்னீங்கண்டு யாரும் சொல்லல்ல," என்றார் மௌலவி. "கண்டது மெய். கண்டது பிறையா எண்டதுதான் கேள்வி."

அந்த நேரம் பார்த்து மேகத்துக்கு மேலே, வடமேற்கே போகும் ஒரு விமானத்தின் புகை, மறைந்த சூரியனின் வெளிச்சம் பட்டு வெள்ளை வெளேரென்று நீண்டது. நடுவில் காற்று தள்ளி வளைத்தது. முனைகள் கீழே பார்த்தன. எஞ்சின்காரரே முதலில் சிரித்தார். "இது மாதிரித்தான் இருந்த," என்றார். தன் காலாலேயே மணலிலிருந்த படத்தை அழித்தார்.

நான் பின்னால் திரும்பினேன். மருமகள் படகின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். மற்றக் கையில் கைபேசி. நாங்கள் விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில் விடை வந்திருந்தது. சோதனையில் மேடு அப்படியே நின்றது. அனுப்ப வேண்டியதுதான் மிச்சம். ஆனால் அவள் கைபேசியைப் பார்க்கவில்லை. ஒன்றுமே இல்லாத மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று குனிந்து வான்வரைபடம் ஒன்றைக் கைபேசியில் திறந்து, நாளைப் பின்னே தள்ளிப் பார்த்தாள்.

"மாமா," என்றாள். "நான் பிறையைக் கண்டிட்டன். புதன்கிழமையே கண்டிட்டன்."

மனைவிக்கு விளங்கவில்லை. "கண்டா மௌலவிட்ட சொல்லுங்களேன் மகள். நாளைக்கு நோன்பு பிடிக்கலாம்."

மருமகள் சிரித்துவிட்டு, எங்கள் இருவருக்கும் சொன்னாள். விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் எப்போதும் நிலாவின் தரையில் மோதிக்கொண்டிருக்கின்றன. அதனால் நிலாவும் காமாக் கதிரில் ஒளிர்கிறது. சூரிய வெளிச்சத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. அங்கே பிறை இல்லை, தேய்தல் இல்லை. நமக்கு ஒன்றுமே தெரியாத இந்த மாலையிலும் அவளுடைய தொலைநோக்கிக்கு அது முழு நிலா. தொலைநோக்கியும் திசையை அச்சொட்டாகக் காட்டாது. வலுக் குறைந்த கதிர் என்றால், கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் வானத்தில் எவ்வளவு மறையுமோ, அவ்வளவு இடத்துக்குள் எங்கிருந்தும் வந்திருக்கலாம். அந்த இடத்தைக் கடக்க நிலாவுக்கு அரை நாளுக்குச் சற்றுக் கூடத்தான் ஆகும். புதன்கிழமை நிலா அவளுடைய மண்டலத்துக்குப் பக்கத்தால் போயிருக்கிறது.

"சூரியன் போன நாளெல்லாம் தள்ளினீங்களே," என்றேன்.

"ஓம் மாமா. சூரியனைத் தள்ளச் சொல்லிக் கணினி நிரலில எழுதி வச்சிருக்கிறன். நிலாவை எழுதேல்ல. முந்திப் பாத்ததெல்லாம் நிலா போற பாதைக்கு எட்டத்தில. இது மட்டும்தான் பாதையிலேயே நிக்குது. இதைச் சேக்கேக்க நிலாவை யோசிக்கேல்ல."

"அப்ப பொங்கல்லயா?"

"தெரியாது. நிலா நிண்ட நேரத்திலேயே மெய்யாவும் பொங்கியிருக்கலாம். நிலா நிண்ட மணித்தியாலங்களைக் கழிச்சுப்போட்டுத் திரும்பக் கணக்குப் போடணும். அங்க கணினி வரிசையில நிக்கும். விடியத்தான் வரும்."

"விடிய வந்தா நேரம் போயிடுமே."

"போயிடும்."

"மெய்யாவே பொங்கியிருந்தா?"

"வேற ஆராவது சொல்லுவாங்க. அவங்கட பேரில போகும்." கைபேசியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "பொங்காம இருந்தா, அந்த மற்றத் தொலைநோக்கி ஆரோ ஒருத்தர் காத்துக் காத்து வாங்கின நேரத்தை விட்டிட்டு எனக்காகத் திரும்பும். திரும்பி நிலாவைப் பாக்கும். அதுவும் போன நிலாவை."

மூன்று வருடப் படிப்பில் முதல்முறையாக அவளுடைய கையில் ஒன்று வந்திருந்தது. அது மெய்யா என்று தெரியாத நிலையில், மெய்யாகவே இருக்கலாம் என்ற நிலையில், விட்டுவிடப் போகிறாள். எஞ்சின்காரருக்கு நாங்கள் மூன்று பேர் எதிரே நின்றோம். அவளுக்கு எதிரே யாரும் நிற்கவில்லை. அவளாகவேதான் திரும்பி நின்றாள்.

அந்தக் கடற்கரையிலேயே, மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்கு முன், கணினிக்குப் புதிய வேலையைக் கொடுத்தாள். பேராசிரியைக்கு இரண்டு வரி எழுதினாள்: இன்று அனுப்பவில்லை, நிலா பக்கத்தில் இருந்திருக்கிறது, விடிந்ததும் சொல்கிறேன். எழுதி வைத்திருந்த அறிவிப்பை அழிக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. கைபேசியைக் கைப்பையில் போட்டு மூடினாள்.

கொழும்பிலிருந்து வானொலியில் அறிவிப்பு வந்தபோது நாங்கள் இராச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை. ஷஃபானை முப்பதாகப் பூர்த்தி செய்ய வேண்டும். தலை நோன்பு ஞாயிற்றுக்கிழமை. இதில் யாருக்கும் தோல்வியோ மனத்தாங்கலோ இல்லை. காணாவிட்டால் முப்பது, அவ்வளவுதான். மருமகள் பாணைப் பிய்த்துக்கொண்டே அறிவிப்பை முழுவதும் கேட்டாள். இந்த முப்பதைப்போல அவளுடைய வேலையிலும் ஏதாவது ஏற்பாடு இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டேன். அவள் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள் என்பதையும் கவனித்தேன்.

மனைவிக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்ததில் சந்தோஷம். நோன்புக்கு வேண்டிய அரிசி மாவை இன்னும் வறுத்து முடித்திருக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, மார்ச் முதலாம் திகதி. சுபஹ் தொழுதுவிட்டு வரும்போது குசினியில் மாவு வாசம். மனைவி வறுத்த மாவைப் பெரிய தட்டில் பரப்பி மேசையில் ஆறவைத்திருந்தாள். தேத்தண்ணிக்கு கேத்தில் அடுப்பில் இருந்தது. மருமகள் மடிக்கணினியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"விடை வந்திட்டு மாமா."

"என்ன சொல்லுது?"

"சொல்ல மாட்டன். நான் ரெண்டு நாளாப் பாத்துப் பாத்து, மேடு இல்லாத இடத்திலயும் எனக்கு மேடு தெரியுது. நீங்க பாருங்க. அவசரப்படாதீங்க."

கணினியைத் திருப்பிக் காட்டினாள். இடமிருந்து வலமாக நாட்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. நான் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். புதன்கிழமை எது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"இப்ப முதுகக் காட்டி நில்லுங்க."

திரும்பினேன். எனக்கு முன்னால் மாவுத் தட்டு இருந்தது.

"வரைஞ்சு காட்டுங்க."

மனைவி அகப்பையோடு திரும்பிப் பார்த்தாள். "என்ட மாவிலயா?" என்று கேட்கத் தொடங்கியவள், வழக்கம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள்.

மாவு இன்னும் இளஞ்சூடாக இருந்தது. தட்டின் இடது ஓரத்தில் விரலை வைத்து வலது ஓரம்வரை இழுத்தேன். அங்கங்கே சிறு நடுக்கம். நடுவில் ஓரிடத்தில் கொஞ்சம் இறங்கி ஏறியது. மற்றபடி நேர்கோடு. என் கை எங்கும் மேலே எழும்பவில்லை.

மருமகள் வந்து எனக்குப் பக்கத்தில் நின்று, மாவிலிருந்த கோட்டை அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம்வரை பார்த்தாள்.

"குடை இல்லையா மாமா?"

"இல்ல மகள். ஒண்டுமில்ல."

"ஓம். எனக்கும் அப்பிடித்தான் தெரிஞ்சது," என்றாள்.

கதிரையை இழுத்துப் போட்டு அங்கேயே, மாவுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேராசிரியைக்கு எழுதினாள். எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்தும் காட்டினாள்: நான் கண்டது நிலா. அந்த மண்டலம் பொங்கவில்லை. பிழை என்னுடையது, நிரலைத் திருத்துகிறேன். அதை அனுப்பிவிட்டு, நேற்று அனுப்பாமல் வைத்த அறிவிப்பை அழித்தாள். பிறகு நிரலைத் திறந்து, சூரியனைத் தள்ளச் சொல்லும் வரிக்குக் கீழே நிலாவுக்கும் ஒரு வரி சேர்த்தாள்.

மனைவி அகப்பையால் கோட்டைக் கலைத்து மாவைச் சமப்படுத்தினாள். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி ஊற்றினோம்.